மரச்சீனி வளர்த்த குடும்பங்கள்

பரலோக மந்திரத்தில் நாள்தோறும் அன்றாட உணவைக் கேட்டு மன்றாடுகிறோம். குமரி மாவட்டத்து விளைகளில் உழைத்த நம் முன்னோருக்கு அவ்வுணவு நெடுங்காலம் மரச்சீனிக் கிழங்காகவே கிடைத்தது. யூபிலி கொண்டாடும் இவ்வேளையில் அதன் வரலாற்றை நினைவுகூர்வது நம் கடமையாகும்.

மரச்சீனி நம் மண்ணில் பிறந்ததன்று. தென் அமெரிக்கப் பயிரான இதனைப் போர்த்துக்கீசியர் மலையாளக் கரைக்குக் கொண்டுவந்தனர். குமரிப் பகுதி அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, இதனைப் பயிரிடும்படி குடிமக்களை ஊக்குவித்தார். கிழங்கில் நஞ்சுண்டு என்று மக்கள் அஞ்சினர். அவ்வச்சம் வீணன்று, கசப்பு வகைகளில் நஞ்சு மிகுதி. ஆனால் நறுக்கி, நீரில் நன்கு அவித்து, அந்நீரை வடித்துவிட்டால் பெரும்பகுதி நீங்கிவிடும். இப்பக்குவத்தை நம் தாய்மார் கைப்பழக்கமாக்கிக் கொண்டனர்.

நெல்லுக்கு வயலும் குளத்து நீரும் வேண்டும். மரச்சீனிக்கு மேட்டு விளையும் மழையும் போதும். விதைக்கென்று கடன்பட வேண்டியதில்லை. முந்தின விளைச்சலின் கம்பையே நறுக்கி நடலாம். முற்றிய பின்னும் மண்ணிலேயே விட்டுவைத்து, தேவைக்கு ஒவ்வொரு மூடாகப் பிடுங்கலாம். பாட்டத்துக்கு நிலம் பிடித்த ஏழைக்கு அதுவே களஞ்சியம்.

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் கடும் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அந்நாட்களில் எண்ணற்ற வீடுகளில் உலை ஏறியது கிழங்கால்தான். எனினும் கிழங்கில் மாவுச்சத்தே மிகுதி. புரதம் மிகக் குறைவு. கடலோரச் சகோதரிகள் தலைச்சுமையாகக் கொண்டுவந்த சாளை மீன் அக்குறையை நிரப்பிற்று. விளையில் உழைத்தவரும் கடலில் உழைத்தவரும் இவ்வாறு ஒருவரையொருவர் உண்பித்தனர்.

1956 நவம்பர் 1-இல் குமரி தமிழகத்தோடு இணைந்தது. 1963-இல் திருவனந்தபுரத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் தோன்றி, புதிய வகைகளை அளித்தது. ஆயினும் தேமல் நோயும் நிலையற்ற விலையும் உழவரைச் சோர்வுறச் செய்தன. மரச்சீனி நின்ற பல விளைகளில் இன்று ரப்பர் நிற்கிறது. ரப்பர் காசு தரும். பஞ்சம் வந்தால் அதனை அவித்து உண்ண இயலாது.

அன்பார்ந்த பங்கு மக்களே, கிழங்கு தின்று வளர்ந்தோம் என்று சொல்ல நாம் நாணலாமா? வீட்டுக் கொல்லையில் நான்கு மூடாவது நடுவோம். பசித்த நாளில் நம்மைக் காத்த பயிரையும், அதனை விளைவித்த கைகளையும் நம் பிள்ளைகள் அறியட்டும்.