தமிழ்க் காதும் ஆங்கிலப் புணர்ச்சியும்: ஐயெல்ட்ஸ் கேட்டல் தேர்வுக்கு ஆயத்தமாதல் பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பாடநூலில் ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று படித்துத் தமிழ் கற்ற வெளிநாட்டவர் ஒருவர் மதுரைப் பேருந்து நிலையத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நிற்பவர் கைபேசியில் ‘வந்துட்ருக்கான்’ என்கிறார். விருந்தாளிக்கு அந்தச் சொல் தெரியும். எழுதிக் காட்டினால் பொருள் சொல்லிவிடுவார். காதில் விழுந்தபோது மட்டும் அது அவருக்கு வேறு ஏதோ சொல். ஐயெல்ட்ஸ் தேர்வின் லிசனிங் பகுதியில் நம் பிள்ளைகளுக்கு நேர்வதும் அதுதான்.

இந்தப் பகுதியில் மதிப்பெண் குறைந்தால் இரண்டு காரணங்களை எல்லாரும் சொல்கிறார்கள்: சொல்வளம் போதவில்லை, வெள்ளைக்காரர் உச்சரிப்பு புரியவில்லை. ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தைக் கையில் கொடுத்தால் அதே மாணவர் தடையின்றிப் படித்துவிடுகிறார். ஆகவே முதல் காரணம் பெரும்பாலும் நிற்காது. இரண்டாவது பாதி உண்மை. சொல்லும் சொல்லும் சேரும் இடத்தில் ஒலி மாறுவதைக் காது அறியாததே முதன்மையான தடை என்பது இக்கட்டுரையின் துணிபு. அந்த மாற்றத்துக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது. பள்ளியில் நன்னூல் வழியே படித்து, தேர்வு முடிந்ததும் மறந்த புணர்ச்சிதான் அது.

2. தேர்வின் அமைப்பு

ஐயெல்ட்ஸ் 1989 முதல் நடைபெறுகிறது. கேட்டல் பகுதிக்கு நான்கு பிரிவுகள், 40 வினாக்கள், ஏறத்தாழ 30 நிமிடம். முதல் பிரிவு இருவர் பேசும் அன்றாட உரையாடல்; இரண்டாவது ஒருவர் தரும் பொதுத் தகவல்; மூன்றாவது கல்விச் சூழலில் சிலர் கலந்து பேசுவது; நான்காவது விரிவுரை. ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும். நான்காம் பிரிவின் நடுவே மூச்சு வாங்க இடைவெளியும் கிடையாது. தாளில் எழுதுவோருக்கு விடைகளைப் பெயர்த்தெழுத 10 நிமிடம் உண்டு. கணினியில் எழுதுவோருக்குச் சரிபார்க்க 2 நிமிடம் மட்டுமே. தவறான விடைக்குக் கழிவு மதிப்பெண் இல்லை, ஆனால் எழுத்துப்பிழை இருந்தால் அந்த விடை தவறுதான்.

ஏறத்தாழ 30 விடை சரியாக இருந்தால் பேண்ட் 7, 23 இருந்தால் 6. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய இத்தேர்வை எழுதும் நம் ஊர்ப் பெண்களுக்குக் கேட்டலில் வேண்டியது இந்த 7. பத்து விடை தவறலாம், பதினொன்று தவறினால் மறுபடியும் கட்டணம். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

3. தடைகள்

3.1 குறுக்கம்

ஆங்கிலத்தில் பொருள் தாங்கும் சொல் அழுத்தம் பெறும். ‘டு’, ‘ஆஃப்’, ‘ஃபார்’, ‘அண்ட்’, ‘கேன்’ போன்ற துணைச் சொற்கள் நசுங்கிப் போகும். ‘அண்ட்’ வெறும் ‘ன்’ ஆகும். ‘ஃபார்’ என்பது ‘ஃப’ அளவுக்குத் தேயும். நாமோ ஒவ்வொரு அசைக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் கொடுத்துப் பேசிப் பழகியவர்கள். எல்லாச் சொல்லும் முழு உருவத்தோடு வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கிறோம். குறுக்கம் நமக்குப் புதிதா என்றால் அதுவும் இல்லை. ‘நாடு’ என்னும் சொல்லின் இறுதி உகரம் அரை மாத்திரையாகக் குறைவதற்குக் குற்றியலுகரம் என்று பெயரிட்டவர்கள் நாம்.

இதில் மதிப்பெண்ணைத் தின்னும் இடம் ‘கேன்’, ‘காண்ட்’ இணை. அமெரிக்கர் பேச்சில் எதிர்மறையின் கடைசி ‘ட்’ பெரும்பாலும் விழுங்கப்படும். உடன்பாடாக இருந்தால் ‘கேன்’ தேய்ந்து ‘க்ன்’ என்று ஓடிவிடும். ஆகவே வாக்கியத்தின் நடுவே ‘கேன்’ தெளிவாகவும் அழுத்தமாகவும் கேட்டால் அநேகமாக அது எதிர்மறை. தெளிவாகக் கேட்டதாலேயே உடன்பாடு என்று எழுதித் தவறவிட்டவர்களை எண்ணி முடியாது.

3.2 புணர்ச்சி

விகாரப் புணர்ச்சி மூன்று வகை: தோன்றல், திரிதல், கெடுதல். ஆங்கிலப் பேச்சை இந்த மூன்று கூடைகளில் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

கெடுதல் மிகுதி. ‘மரம்’, ‘வேர்’ சேர்ந்து ‘மரவேர்’ ஆகும்போது மகரம் கெடுவதுபோல், ‘நெக்ஸ்ட் டே’ என்பதில் முதல் சொல்லின் ‘ட்’ கெட்டு ‘நெக்ஸ்டே’ ஆகிறது. திரிதலுக்கு ‘மரங்கள்’ போதும்: ககரத்தின் முன் மகரம் ஙகரமாகத் திரிந்தது. ஆங்கிலத்திலும் ‘டென் கப்ஸ்’ விரைவில் ‘டெங் கப்ஸ்’; ‘டென் பாய்ஸ்’ என்றால் ‘டெம் பாய்ஸ்’. தோன்றலில் நம் உடம்படுமெய்யே அப்படியே நிற்கிறது. ‘மணியழகு’வில் யகரமும் ‘பூவழகு’வில் வகரமும் வருவதுபோல், ‘த்ரீ எக்ஸ்’ என்பது ‘த்ரீயெக்ஸ்’ ஆகிறது, ‘டூ எக்ஸ்’ என்பது ‘டூவெக்ஸ்’. ‘லா அண்ட் ஆர்டர்’ என்று பிரிட்டிஷார் சொல்லும்போது எழுத்தில் இல்லாத ஒரு ரகரம் நடுவே முளைத்து, ‘லாரா நார்டர்’ என்ற பெண்ணின் பெயராகக் கேட்கும். அவர்களே இதைச் சொல்லித் தங்களைக் கேலி செய்துகொள்வதுண்டு.

வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ‘ஹி ஷுட் ஹேவ் டோல்ட் ஹர்’ என்று ஐந்தே சொற்கள் கொண்ட வாக்கியத்தை ஒலிக்கவிட்டேன். பேச்சில் அது ‘ஹி ஷுடவ் டோல்டர்’. ஐந்து ஆண்டு அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் நோட்டில் எழுதியது, ‘ஹிஸ் ஷோல்டர்’. இரண்டாம் முறை ஒலிக்கவிட்டேன். அடித்துவிட்டு மீண்டும் ‘ஷோல்டர்’ என்றே எழுதினார். அவர் பணியில் நாளெல்லாம் கேட்கும் சொல் அது. தெளிவில்லாத ஒலியைக் காது தனக்குப் பழக்கமான சொல்லாக மாற்றிக்கொண்டது. பலகையில் ‘ஹர்’ என்று எழுதி, ஹகரத்தை மட்டும் துணியால் அழித்துக் காட்டினேன். “அட, கெடுதல்!” என்றார். மூன்றாம் முறை எல்லாச் சொல்லும் அவருக்குக் கேட்டது. ஒலிப்பதிவு அதே ஒலிப்பதிவுதான்.

3.3 பன்மை

‘டிக்கெட்’ என்று எழுதியவருக்குச் சுழியம், ‘டிக்கெட்ஸ்’ என்று எழுதியவருக்கு ஒன்று. இதைக் கவனக்குறைவு என்று ஆசிரியர்கள் திட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘பத்து மாம்பழம் வாங்கினேன்’ என்பது நமக்குக் குறையில்லாத தமிழ். ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ இரண்டுமே சரி. பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கணமே இடம் கொடுத்துவிட்டது. பன்மை விகுதியைத் தேடவே தேவையில்லாத காதுக்கு, அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ‘ஸ்’ எப்படிக் கேட்கும்? கேட்காத இடத்தில் இலக்கணம் கைகொடுக்கும். வினாத்தாளில் கோடிட்ட இடத்துக்கு முன் ‘எ’ அல்லது ‘அன்’ இருந்தால் ஒருமை. எண்ணோ ‘மெனி’யோ இருந்தால் பன்மை. ஒலிக்கும் முன்னரே இதைப் பென்சிலால் குறித்து வைக்கலாம்.

3.4 எழுத்தும் எண்ணும்

முதல் பிரிவில் பெயரையும் முகவரியையும் எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள். எளிது என்று நினைக்கும் இடம் இது. ஆஸ்திரேலியர் சொல்லும் ‘ஏ’ நம் காதுக்கு ‘ஐ’ போலக் கேட்பதால் இரு எழுத்துகளும் இடம் மாறும். நாம் ‘ஹெச்’ என்பதை அவர்களில் பலர் ‘எய்ச்’ என்பார்கள். ‘ஸெட்’ அமெரிக்கருக்கு ‘ஸீ’. நியூசிலாந்துக்காரர் ‘பென்’ என்றால் ‘பின்’ என்று கேட்கும். தொலைபேசி எண்ணில் ‘டபிள் ஃபோர்’ வந்தால் 44, ‘ஓ’ வந்தால் 0.

13, 30 குழப்பத்துக்கு அழுத்தத்தைக் கவனிக்கச் சொல்லிப் பயிற்சி மையங்களில் கற்பிக்கிறார்கள். தனியாகச் சொன்னால் ‘தர்ட்டீன்’ பின்பாதியில் அழுத்தம் பெறும் என்பது சரி. ஆனால் ‘தர்ட்டீன் பீப்பிள்’ என்று பின்னால் ஒரு பெயர் வந்ததும் அழுத்தம் முன்னே தாவிவிடும், விதி கைவிட்டுவிடும். ஈகார நீட்சியையும் இறுதி ‘ன்’ ஒலியையும் பிடித்துக்கொள்வதே பத்திரம்.

4. வினாவில் உள்ள பொறி

ஒலியைப் பிடித்தவர்களும் விழும் குழி ஒன்று உண்டு. ‘செவ்வாய்க்கிழமை வரட்டுமா?’ என்பார் ஒருவர். ‘அன்று கடை விடுமுறை, வியாழன் வாருங்கள்’ என்பார் மற்றவர். முதலில் கேட்ட கிழமையை எழுதியவர் தோற்றார். பேச்சு ஒரு முடிவுக்கு வரும்வரை பேனா காத்திருக்க வேண்டும். வினாத்தாளில் உள்ள சொல் ஒலிப்பதிவில் அப்படியே வந்தால் சந்தேகப்படுவதும் நல்ல பழக்கம். சரியான விடையை அநேகமாக வேறு சொற்களில்தான் சொல்வார்கள். விடைகள் வினா வரிசையிலேயே வருவதால், ஒன்று தவறினால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும்.

5. பயிற்சி முறை

ஒலிப்பதிவைப் போடுவது, வினா கேட்பது, விடையைச் சரிபார்ப்பது என்னும் வழக்கமான வகுப்பு, கேட்கும் திறனைச் சோதிக்கிறதே தவிரக் கற்பிக்கவில்லை என்று ஜான் ஃபீல்டு 2008இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். நம் பயிற்சி மையங்களுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. வாரம் ஐந்து மாதிரித் தேர்வு எழுதிய மாணவரிடம் ஐந்து மதிப்பெண்கள் இருக்கும். எந்த இடத்தில், ஏன் காது வழுக்கியது என்பதற்கு ஒரு குறிப்பும் இருக்காது. காய்ச்சல்காரருக்குத் தெர்மாமீட்டரை மட்டும் ஐந்து முறை வைத்துப் பார்த்த கதை.

நான் பரிந்துரைப்பது சொல்வதெழுதுதல். தொடக்கப் பள்ளியில் டீச்சர் வைத்ததுதான். ஒரு நிமிட ஒலிப்பதிவை எடுத்து, பத்து வினாடித் துண்டுகளாக நிறுத்தி நிறுத்தி, கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும். ஒரு துண்டை ஐந்து முறை வரை கேட்கலாம். கேட்காத இடத்தில் ஊகித்து எழுதாமல் கோடு போட வேண்டும். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பிழைக்கும் ஓரத்தில் ஒரு குறி: தோ, தி, கெ, கு. கடைசி எழுத்து குறுக்கத்துக்கு. அதன்பின் ஒலிப்பதிவோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாய்க்கு வந்த மாற்றம் காதுக்கும் விரைவில் பிடிபடுகிறது. நாளுக்கு அரை மணி நேரம் போதும். இரண்டு வாரம் கழித்து ஓரக்குறிகளை எண்ணிப் பார்த்தால் எந்தக் குறி அதிகம் என்று தெரியும். என் வகுப்பில் பெரும்பாலோருக்குக் ‘கெ’, ‘கு’ இரண்டுமே முன்னிற்கின்றன. முழு மாதிரித் தேர்வு வாரத்துக்கு ஒன்று என்றால் தாராளம்.

எழுத்துக்கூட்டலுக்குத் தனிப் புத்தகம் வேண்டாம். தாமே பிழைவிட்ட சொற்களின் பட்டியல் போதும். ‘அக்காமடேஷன்’ சொல்லில் சி இரண்டு, எம் இரண்டு என்பது அநேகமாக எல்லார் பட்டியலிலும் இருக்கும்.

6. இம்முறையின் எல்லை

தமிழ்ப் புணர்ச்சி விதிகள் எழுத்துக்கும் பொருந்துபவை. ‘மரங்கள்’ என்றால் மரங்கள் என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் மாற்றம் காதோடு நின்றுவிடுகிறது, ஆளுக்கும் வேகத்துக்கும் ஏற்ப மாறவும் செய்கிறது. ரிச்சர்ட் கால்டுவெல் பேச்சொலியைக் கண்ணாடிக்கூடம், தோட்டம், காடு என்று மூன்றாகப் பிரித்தார்: தனிச்சொல் கூடத்துச் செடி, விதிப்படி இணைந்த சொற்கள் தோட்டம், இயல்பான விரைவுப் பேச்சு காடு. (நம் ஊர்க் கால்டுவெல் வேறு ஆள்.) புணர்ச்சி விதிகள் நம்மைத் தோட்டம்வரை கொண்டுபோய் விடும். காட்டுக்குள் நடந்துதான் பழக வேண்டும். மூன்றாம் பிரிவில் மாணவர் சிலர் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடும் இடம் அப்படிப்பட்டது. அதற்கு வானொலி உரையாடல்களை வினா இல்லாமல் வெறுமனே கேட்பதும் பயிற்சியே.

பயிற்சி மையம் நடத்துவோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதிரித் தேர்வுத் தாளை நீட்டும் முன், போன தேர்வின் ஒலிப்பதிவுக்குரிய எழுத்து வடிவத்தை மாணவர் கையில் கொடுங்கள். கேம்பிரிட்ஜ் வெளியிடும் மாதிரி வினாத்தாள் நூல்களின் பின்பக்கங்களில் அது அச்சாகியே இருக்கிறது.