பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் பந்தி

கல்லூரி மாணவனின் உணவுக்கும் தேர்ச்சிக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்போது, விடுதிச் சாப்பாட்டைக் குறை சொல்வதோடு நாம் பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம். அந்த உறவின் வேர் கல்லூரி வாசலுக்கு வெகு முன்னால் இருக்கிறது.

1969 முதல் 1977 வரை குவாத்தமாலாவின் நான்கு சிற்றூர்களில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு ஊர்களின் குழந்தைகளுக்குப் புரதம் மிகுந்த கஞ்சியும், மற்ற இரண்டு ஊர்களில் புரதமற்ற இனிப்புப் பானமும் கொடுத்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், வளர்ந்துவிட்ட அக்குழந்தைகளை மீண்டும் தேடிச் சென்று சோதித்தார்கள். மூன்று வயதுக்குள் கஞ்சி குடித்தவர்கள் வாசித்துப் பொருள் உணர்வதில் முன்னே நின்றார்கள். அவர்களுள் பெண்கள் ஏறத்தாழ ஒரு வகுப்பு கூடுதலாகப் படித்திருந்தார்கள். குழந்தைப் பருவத்துக் கஞ்சியின் பயன் நடுவயதிலும் தெரிந்தது.

இந்தக் கணக்கை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். இராசிபுரம் பக்கமிருந்து கொல்லிமலைக்கு ஏறும் வழியில், அடிவாரத்தில் இருக்கிறது முள்ளுக்குறிச்சி. மேலே, வல்வில் ஓரி ஆண்ட மலையில், மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து உண்டுவந்தனர். கடந்த சில தலைமுறைகளில் அந்நிலங்களில் பெரும்பகுதியை மரவள்ளி பிடித்துக்கொண்டது. கிழங்கு சமவெளியின் சேகோ ஆலைகளுக்கு இறங்கியது. அரிசி மலைக்கு ஏறியது. நூறு கிராம் கேழ்வரகில் நான்கு மில்லிகிராமுக்குக் குறையாத இரும்புச்சத்து உண்டு; தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. இரும்பு குறைந்து சோகை பிடித்த பிள்ளைக்குக் களைப்பும் கவனச்சிதறலும் வரும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. ஆனால் சிறுதானியம் கைவிடப்பட்டதற்கு மக்களைப் பழிப்பது முறையன்று. மரவள்ளி கையில் காசு தந்தது. சாமையோ பெண்களின் தோளை முறிக்கும் உரல்குத்தலைக் கேட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அங்கே சிறுதானியங்களை மீட்க முற்பட்டபோது, உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது இதனால்தான்.

படிப்புக்கும் பசிக்கும் உள்ள உறவைத் தமிழகம் முன்பே உணர்ந்திருந்தது. 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. 1956இல் காமராசரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று பந்தி நீண்டது. ஆனால் காலை உணவு தொடக்கப்பள்ளிக்கும், சத்துணவு பத்தாம் வகுப்புக்கும் உரியவை. அதற்குமேல் விடுதியில் இடம் கிடைத்தவனுக்குச் சோறு உண்டு. மலையிலிருந்து பேருந்தில் வந்து இராசிபுரம் அரசு கலைக்கல்லூரியில் படித்துத் திரும்பும் மாணவனுக்கு, வீட்டில் கட்டிக்கொடுத்தால்தான் மதியச் சாப்பாடு.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளையின் மதிப்பெண்ணை எடைபோடும்போது, பாடத்திட்டத்தையும் ஆசிரியரையும் அவனது முயற்சியையும் பார்க்கிறோம். அவன் மூன்று வயதில் என்ன உண்டான், இன்று நண்பகலில் என்ன உண்கிறான் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்பதே நியாயம். முதல் கேள்விக்கான விடையை இனி மாற்ற இயலாது. இரண்டாவதை மாற்ற, நூறாண்டுக்கு முன் போட்ட பந்தியை இன்னும் சற்றுத் தூரம் நீட்டினால் போதும்.