பூட்டனாரின் பெயர்



"உங்கள் பூட்டனார் பெயர் என்ன?" என்று நான்காம் ஆண்டு மாணவர்களிடம் வினவினேன். ஒருவருக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் தெரியாது!

1620இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா சென்ற ஆங்கிலேயரின் வழித்தோன்றல்கள், குடும்பப் பெயரைப் பற்றிக்கொண்டே முன்னோரைத் தேடுகின்றனர். நமக்குத் தந்தை பெயர் மட்டுமே. பேரன் காலத்தில் அதுவும் உதிர்ந்துவிடுகிறது.

பிரிக்பீல்ட்ஸ் அத்தை வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தேன். தாத்தாவின் குடியுரிமைப் பத்திரத்தில் அவர்தம் தந்தை ‘முனியன்’. தோட்டத்துச் சம்பளச் சீட்டிலோ ‘முனியாண்டி’. எழுத்தர் காதில் விழுந்ததுதானே பெயர்!

"முனியாண்டிதான்யா, குலசாமி பேரு" என்றார் அத்தை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், கங்காணியோடு இறங்கினாராம். தோட்டத் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. ஆதலின் அதற்கு முன்பே வந்திருத்தல் வேண்டும்.

ஊர்? "தஞ்சாவூர்ப் பக்கம், குளக்கரையில் ஐயனார் கோயில்" என்கிறார். தஞ்சையில் ஐயனார் இல்லாத குளக்கரை ஏது!

மறுநாள் கரும்பலகையில் முதற்பெயராக ‘முனியாண்டி’ என்று எழுதினேன். மாணவர்கள் வீட்டில் கேட்டு வந்த பெயர்கள் அதன்கீழ் வரிசையாகச் சேர்ந்துகொண்டிருக்கின்றன.