ராஜா தலையில் பட்ட அடியும் லாசப்பல் தலைவலியும்

லாசப்பல் மெட்ரோவில் இறங்கி, வழக்கம்போல கொத்துரொட்டி வாசனையைப் பிடிச்சுக்கிட்டு நம்ம கடைத்தெருப் பக்கம் போகாமல், கொஞ்சம் மேற்கே நடந்து பாருங்க. லாரிபுவாசியேர் ஆஸ்பத்திரி வரும். 1854-ல் திறந்தது. தலைவலிக்கென்றே தனியா ஒரு அவசரப் பிரிவு வைத்திருக்கும் ஆஸ்பத்திரி. அது இருக்கும் தெருவின் பெயர் அம்ப்ருவாஸ் பாரே. தலையில் அடிபட்ட ஒரு ராஜாவின் படுக்கை ஓரமாய் நின்ற அறுவை வைத்தியர் இவர். பொருத்தம் தற்செயல்தான், ஆனா எனக்கு ஒரு பதிவு கிடைச்சுது.

1559 ஜூன் 30. பாரிஸ் சாந்த்வான் வீதியில் ஈட்டிப் போட்டி. இரண்டாம் ஆன்ரி ராஜாவே குதிரையேறி விளையாடுறார். எதிராளி மொந்த்கோமரியின் ஈட்டி உடைந்து, சிராய் ராஜாவின் கண்ணுக்கு மேலே பாய்ந்துவிட்டது. பிரஸ்ஸல்ஸிலிருந்து உடற்கூறு மேதை வெசாலியஸே வந்து பார்த்தார். ரத்தம் எடுத்தாங்க, பேதிக்குக் கொடுத்தாங்க. ஜூலை 10-ம் தேதி ராஜா செத்துப்போனார். பிறகு தலையைத் திறந்து பார்த்தால், அடி விழுந்தது முன்பக்கம், மூளை கெட்டிருந்தது பின்பக்கம். ஓடு உடையாமலேயே உள்ளே மூளை குலுங்கி எதிர்ப்பக்கம் மோதும் என்று பாரே எழுதிவைத்தார்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் அடி, வீக்கம், உள்காயம் எதுவானாலும் பிரபலமான மருந்து ஒன்று உண்டு. சாப்பிடும்போது படிப்பவர்கள் அடுத்த பத்திக்குப் போயிடுங்க. எகிப்து மம்மியின் பொடி! செத்த மனுஷனை அரைச்சுக் குடிக்கிறது. 1580-ல் குதிரையிலிருந்து விழுந்த ஒரு பிரபு, "எனக்கு ஏன் மம்மி கொடுக்கலை?" என்று பாரேயைக் கேட்க, 1582-ல் அதுக்கெதிரா ஒரு நூலே எழுதினார். குடிச்சா வயிற்றுவலி, வாந்தி, வாய் நாற்றம்தான் மிச்சம். அதோடு விற்கிறதெல்லாம் புதுப் பிணத்தில் செஞ்ச போலி என்பது அவர் வாதம். எனக்கு இந்த ஆளை ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

இந்தப் பழைய கதையெல்லாம் தேட ஆரம்பிச்சது தெரிஞ்ச ஒரு அண்ணனால். யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு உணவகத்தில் சமையல் வேலை. ஈரத்தரையில் வழுக்கி பின்மண்டை அடிபட்டது. ஸ்கேன் சுத்தம். மூணு மாசம் ஆகியும் தலையிடி, வெளிச்சம் கூசல், மறதி. "ஸ்கேன்ல ஒண்டும் இல்லையாம் தம்பி. ஆனா தலை விடுதில்லை. முதலாளி நான் நடிக்கிறன் எண்டு நினைக்கிறார்." தெருவே வைத்தியம் சொல்லுது: சித்தாலேப தடவு, நல்லெண்ணெய் வை, சீனக்காரரிடம் ஊசி போடு, கழுத்தை நெட்டி எடுக்கிற ஒருத்தர் இருக்கார் போ.

"ஒண்ணும் இல்லை" என்ற அந்த வார்த்தைக்கும் இதே ஊரில் ஒரு வரலாறு இருக்கு. 1885-ல் ஒரு டெலிவரி ஆள் வண்டி மோதி மயங்கி விழுந்தான். சக்கரம் தன் மேல் ஏறிவிட்டதாய் நம்பினான்; உண்மையில் ஏறவே இல்லை. கால் விளங்காமல் போனது. சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியின் ஷார்கோ அவனைப் பார்த்துவிட்டு, இவன் நடிக்கவில்லை என்றார். அது பெரிய வார்த்தை.

அதே ஷார்கோ 1892-ல் அதிர்வு வைத்தியத்திலும் இறங்கினார். நீண்ட ரயில் பயணம் போய் வந்த பார்கின்சன் நோயாளிகள் உடம்பு லேசா இருக்குன்னு சொன்னாங்களாம். உடனே குலுங்கும் நாற்காலி செஞ்சாச்சு. சிஷ்யர் கில் த லா தூரெத் இன்னும் ஒரு படி மேலே போய் தலைவலிக்கும் தூக்கமின்மைக்கும் மோட்டார் வெச்ச அதிரும் தொப்பியே மாட்டிவிட்டார். (1893-ல் பழைய நோயாளி ஒருத்தி அவர் தலையிலேயே சுட்டாள். பிழைச்சுக்கிட்டார். தொப்பியைத் தானே போட்டுப் பார்த்தாரா தெரியலை!) சிகாகோவில் ஆட்கள் 2012-ல் அந்த நாற்காலியைச் சோதிச்சு வெளியிட்டாங்க. குலுங்கினவங்களுக்கும் முன்னேற்றம், சும்மா சாய்ஞ்சிருந்தவங்களுக்கும் அதே முன்னேற்றம். ஒருத்தர் அக்கறையா உட்கார வைக்கிறதே பாதி மருந்து போல.

முதல் உலகப்போரில் அந்த அக்கறை காணாமல் போச்சு. ஷெல் வெடிப்பில் மூளை குலுங்கியவன் 'கொமோசியோனே', பயத்தில் நிலைகுலைந்தவன் 'எமோசியோனே' என்று ராணுவ வைத்தியர்கள் பிரித்தார்கள். முன்னவன் காயம்பட்டவன். பின்னவன்மேல் சந்தேகம். தூர் நகரில் க்ளோவிஸ் வேன்சான் என்ற மருத்துவர், இப்படி முடங்கியவர்களை வலுவான மின்சாரம் பாய்ச்சி "குணமாக்கினார்". வீரர்கள் அதுக்கு வெச்ச பேர் 'தோர்ப்பியாஜ்'. 1916-ல் பாப்தீஸ்த் தெஷான் என்ற சிப்பாய் மறுத்து டாக்டரையே அடித்துவிட்டார். ராணுவ நீதிமன்றம் ஆறு மாசத் தண்டனை கொடுத்து, அதையும் நிறுத்திவைத்தது. நோயாளிக்கு வைத்தியத்தை மறுக்க உரிமை உண்டா என்று நாடே அன்னிக்குப் பேசியது.

ஷெல்லடியிலிருந்து தப்பி இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அவங்க தலைவலி எந்தப் பெட்டியில் சேரும்? அந்தப் பிரிவினையே எனக்கு அசிங்கமா படுது.

நம்ம பக்கம் குமரி மாவட்ட வர்ம ஆசான்கள் தலைவர்மம் கொண்டவனுக்கு அடங்கல் தட்டி, எண்ணெய் போட்டு, நாள்கணக்கில் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்பாங்க. அது மூளை அதிர்ச்சிக்கு வேலை செய்யும் என்று சொல்ல உறுதியான சோதனை கிடையாது. அக்குபங்சருக்கும் ஆதாரம் மெலிசுதான். ஆனா எண்ணெய் தடவினால் யாரும் சாக மாட்டாங்க. கழுத்தை நெட்டி எடுக்கிறது வேற விஷயம், கழுத்து ரத்தக்குழாய் கிழிய வாய்ப்பிருக்கு. பிரான்சில் 2007 ஆணைப்படி, டாக்டர் சான்றிதழ் இல்லாமல் ஆஸ்தியோபாத் கழுத்தைத் திருகக் கூடாது. இதை அண்ணன்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன்.

இருட்டறையில் படுத்தே கிடக்கிற பழைய யோசனையும் இப்ப போச்சு. 2022 ஆம்ஸ்டர்டாம் மாநாட்டின் முடிவு, 2023-ல் அச்சானது: முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு தலைவலி பெரிசாகாத அளவுக்கு நடை, சைக்கிள், தலைசுற்றலும் கழுத்துவலியும் நீடித்தால் அதற்கான பிசியோதெரபி. அது விளையாட்டு வீரர்களை வைத்துச் சொன்னது, சமையல்கட்டில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவருக்கு இல்லைதான். இருந்தாலும் அண்ணன் இப்ப தினமும் சாயங்காலம் சாந்மார்த்தான் கால்வாய் ஓரம் அரைமணி நேரம் நடக்கிறார். ராத்திரி சித்தாலேபவும் உண்டு. மறுபடி ஒருதரம் டாக்டரைப் பார்த்து, வேலையில் பட்ட அடி என்று எழுதி வாங்கச் சொல்லியிருக்கேன்.

நாகர்கோவில், தக்கலைப் பக்கத்துப் பதிவர்கள் யாராச்சும் உங்க ஊர் ஆசான்கள் தலையடிக்கு என்ன செய்வாங்கன்னு, நேரில் பார்த்ததை எழுதுங்களேன். சுட்டி கொடுத்தா இங்கேயே சேர்த்துடறேன்.