உக்கிராணக்காரனின் கணக்கு

திருவனந்தபுரத்தார்க்கு இக்கருத்துப் புதிதன்று. 1750-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் மார்த்தாண்டவர்மா மகாராஜா தம் நாட்டை ஸ்ரீ பத்மநாபசுவாமிக்கு ஒப்புவித்து, அன்று முதல் பத்மநாபதாசனாக நின்று அதனை ஆண்டார். உடைமை வேறொருவருடையது, பொறுப்பே தம்முடையது. இந்நிலையில் நிற்பவனை நமது பழைய வேதாகமத் தமிழ் ‘உக்கிராணக்காரன்’ என்றழைக்கிறது. கலியாண வீட்டு உக்கிராண அறையைக் கண்டவர்க்கு இச்சொல் எளிதில் விளங்கும். சாவி அவன் கையில் இருக்கும், அரிசி அவனுடையதன்று.

இயேசுவின் உவமையில் எசமான் ஒருவன் தன் ஊழியர் மூவரிடம் தாலந்துகளை ஒப்புவித்துப் பயணம் போகிறான். தாலந்து என்பது பெருந்தொகை. கூலியாள் ஒருவனின் ஏறத்தாழ இருபது ஆண்டுச் சம்பளம். இருவர் அதனைப் பெருக்குகின்றனர். மூன்றாமவன் அச்சத்தால் மண்ணில் புதைத்து வைக்கிறான். திரும்பி வந்த எசமான் கேட்பது கணக்கு. பிற்காலத்தில் ஐரோப்பிய மொழிகளில் அச்சொல் மனிதனின் திறமையையே குறிக்கலாயிற்று. நமது திருச்சபைகளிலும் அப்பொருளே வழங்குகிறது.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில், லண்டன் மிஷன் சங்கத்தார் 1838-இல் மருத்துவப் பணியைத் தொடங்கினர். 1860-களில் டாக்டர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு நடத்தினார். தம் கைத்திறனைத் தம்மோடு முடியவிடாமல் பிறர் கையில் சேர்த்தார் அவர்.

அவ்விடத்துக்கு 1922-இல் வந்தார் டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல். ஐந்து தாலந்து பெற்றவர் என்றே அவரைச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜில் உயர்ந்த தேர்ச்சி, லண்டனில் அறுவைப் பயிற்சி, முதல் உலகப் போரில் பிரான்சில் காயமுற்றோரிடையே பணி, ஓவியம், இசை, போதாததற்கு மலையேற்றம். அவ்வாண்டு எவரெஸ்ட் பயணத்தில் ஜூன் 7-ஆம் நாள் பனிச்சரிவில் சுமைதூக்கிகள் எழுவர் மாண்டனர். வெள்ளையரில் ஒருவரேனும் அவர்களோடு இறந்திருக்கலாகாதா என்று அவர் மனம் நொந்தார்.

பின்னர் நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர் நெய்யூரை அடைந்தார். அங்கே திரளான நோயாளிகள். தகுதி பெற்ற அறுவை மருத்துவரோ ஒருவர். லண்டனில் காத்திருந்த உயர்பதவியை விடுத்து இந்தியாவிலேயே பணிபுரியத் துணிந்தார். லண்டனிலிருந்து நோக்கியவர்க்கு இதுவே தாலந்தை மண்ணில் புதைப்பதாகத் தோன்றியிருக்கும். 1924-இல் மீண்டும் எவரெஸ்டில் ஏறி, பிராணவாயுக் கருவியின்றி ஏறத்தாழ 28,000 அடியை எட்டினார். இறங்கும் வழியில், உறைபனியால் சிதைந்த தொண்டைச் சவ்வு மூச்சை அடைக்க, தம் நெஞ்சைத் தாமே அழுத்தி அதை வெளியேற்றி உயிர் தப்பினார். அந்தக் கைகள் திரும்பியது நெய்யூருக்கே.

மலையையும் துறவையும் புகழ்வது எளிது. நாம் அதைவிடப் பெரிதாக மதிப்பது நெய்யூரார் எழுதி வைத்த கணக்கையே. வருவோரைத் தொட்டு அனுப்பினால் போதும் என்று அவர்கள் இருக்கவில்லை. இன்னார்க்கு இன்ன நோய், அவர் பழக்கம் இன்னது என்று குறித்து வைத்தனர். அக்குறிப்புகளைக் கொண்டே டாக்டர் பென்டால் 1908-இல் ஏறத்தாழ 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1933-இல் டாக்டர் ஆர் வாய்ப்புற்றையும் வெற்றிலை, புகையிலை மெல்லும் பழக்கத்தையும் ஆராய்ந்து லான்செட் இதழில் வெளியிட்டார். கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு உறங்கும் வழக்கம் தீங்கு என இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். அன்று அதை எண்ணிக்கையால் காட்டியவற்றுள் நெய்யூர் ஏடுகள் முன்வரிசையில் நிற்பவை. மரவள்ளிக்கிழங்கே ஏழைகளின் உணவாயிருந்த அந்நாட்டில் குடற்புண் மிகுந்திருந்தது. அதற்குப் பெருந்தொகையான அறுவைகள் செய்த சாமர்வெல், 1936-இல் ஆரோடு சேர்ந்து அந்நோயைப் பற்றியும் எழுதினார்.

நெய்யூரை விட்டபின் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்து, 1961-இல் தாயகம் திரும்பினார், 1975-இல் காலமானார். இதற்கிடையே, 1956 நவம்பர் முதல் நாளில் மாநில எல்லை மாற, நெய்யூர் தமிழ்ப் பகுதியோடு இணைந்தது; தலைநகர் கேரளத்தில் நின்றது. அவர் பெயர் எல்லையின் இப்பாலும் தங்கியிருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்துக் காரக்கோணத்தில் தென்னிந்தியத் திருச்சபையின் மருத்துவக் கல்லூரி அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே படித்து வெளிவருவோர் எந்த ஊரைத் தேர்கின்றனர் என்பதை நாம் கவனித்து வரவேண்டும்.