உழைப்பும் உரிமையும்: கல்வராயன் மலை – கள்ளக்குறிச்சிப் பகுதியை முன்வைத்து மழைநீர் சேகரிப்பின் சமூக வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மழைநீர் சேகரிப்பை ஊர்மக்களின் கூட்டு முயற்சியாக வளர்க்க வேண்டும் என்னும் கருத்து இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. அதற்குச் சான்றாகக் குடிமராமத்து மரபு எடுத்துக்காட்டப்படுகிறது. அம்மரபில் உழைத்தவர் யார், நீர் குறித்து முடிவெடுத்தவர் யார் என்னும் வினாக்களைக் கல்வராயன் மலையையும் அதன் அடிவாரச் சமவெளியையும் முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. கூட்டு உழைப்பு தானாகவே கூட்டு உரிமையாக மாறியதில்லை என்பதே இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: குடிமராமத்து, ஏரி வாரியம், ஆயக்கட்டு, ஜாகிர், மலையாளிப் பழங்குடியினர், கிராம சபை.

முன்னுரை

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை அமைந்துள்ளது. அம்மலையில் பெய்யும் மழையே கோமுகி, மணிமுத்தாறு முதலிய ஆறுகளாகச் சமவெளிக்கு இறங்குகிறது. கச்சிராயபாளையம் அருகே 46 அடி உயரத்திற்கு நீர் தேக்கும் கோமுகி அணையும், 36 அடி உயரத்திற்குத் தேக்கும் மணிமுத்தா அணையும் இந்நீரை நம்பியே எழுந்தன. மணிமுத்தாறு விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றில் கலக்கிறது. மலையும் ஏரியும் ஒரே நீர்த்தொடரின் இரு முனைகள் எனலாம். ஆயினும், ஏரிப் பாசன வரலாறு பெரும்பாலும் சமவெளியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நீர் பிறக்கும் இடத்தில் வாழ்ந்தோர் அதில் இடம்பெறுவது அரிது.

ஏரி வாரியமும் நிலத்தகுதியும்

நீர்நிலை அமைத்தலை வேந்தனின் கடமையாகக் குடபுலவியனாரின் புறநானூற்றுப் பாடல் காட்டுகிறது. அமைத்த நீர்நிலையைப் பேணியோர் யார் என்பதற்குத் தெளிவான சான்று தருவன முதலாம் பராந்தகனின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921). அவை ஏரி வாரியம் என்னும் குழுவையும், குடவோலை வழி அதன் உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையையும் விரித்துரைக்கின்றன. ஊராட்சியின் தொன்மைக்கு அவற்றை மேற்கோள் காட்டுவோர், உறுப்பினர் தகுதியாக அவை கூறும் நிபந்தனைகளைப் போதிய அளவு கவனிப்பதில்லை. கால்வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் உடையவரே குடவோலைக்குத் தகுதி பெற்றனர். உத்தரமேரூர் ஒரு பிராமண ஊர் என்பதும் கருதத்தக்கது. ஏரியில் மண் எடுத்தவரும் மடை திறந்தவரும் வாரியத்தில் அமர வாய்ப்பில்லை. நீராளுகை நிலவுடைமையோடு பிணைந்திருந்தது.

குடிமராமத்து: வழக்கம் சட்டமானமை

பயன்பெறும் குடிகள் தம் உழைப்பால் வரத்துக்கால் தூர்வாருதல், கரை உயர்த்துதல், மதகு செப்பனிடுதல் ஆகியவற்றைச் செய்யும் வழக்கமே குடிமராமத்து. காலனிய ஆட்சி இவ்வழக்கத்தைத் தன் தேவைக்கேற்பச் சட்டமாக்கியது. சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் (1858), வழக்கப்படி உழைப்புத் தரவேண்டியவர் தக்க காரணமின்றித் தவறினால், அவ்வுழைப்பின் மதிப்பைப் போல இரு மடங்கு செலுத்த வேண்டும் என விதித்தது. சட்டத்தின் பெயரிலேயே ‘கட்டாயம்’ என்னும் சொல் இடம்பெற்றிருப்பது தற்செயலன்று.

இரயத்துவாரி முறையில் நிலவரி தனிப்பட்டாதாரரோடு நேரடியாகத் தீர்மானிக்கப்பட்டது. தென்னார்க்காட்டுச் சமவெளியும் இம்முறைக்கு உட்பட்டதே. ஊர்ப்பொதுவாக இருந்த வருவாயும் மானியமும் சுருங்க, மராமத்துக் கடமை மட்டும் ஊர்ப்பொதுவாக எஞ்சியது. உரிமை அரசிடமும் கடமை குடிகளிடமும் பிரிந்து நின்ற நிலையில் குடிமராமத்து தளர்ந்ததில் வியப்பில்லை. பெரும்பஞ்சத்தை அடுத்து, 1883-இல் ஏரி சீரமைப்புத் திட்டத்தை அரசு தொடங்க நேர்ந்ததும் இப்பின்னணியிலேயே.

டேவிட் மோஸ் போன்ற ஆய்வாளர்கள், தன்னாட்சி உடைய ஊர்ச்சமூகம் ஏரியைப் பேணியது என்னும் படிமம் ஓரளவு காலனிய நிருவாகத்தின் ஆக்கம் என்று வாதிட்டுள்ளனர். இக்கருத்தை முழுமையாக ஏற்காவிடினும், குடிமராமத்தைச் சமத்துவ மரபாகக் கொள்வதற்கு முன் ஆதாரங்களை மறுவாசிப்புச் செய்ய வேண்டும் என்னும் எச்சரிக்கையை ஏற்கலாம்.

ஜாகிர் மலையில் உழைப்பு

சமவெளியில் குடிமராமத்து தளர்ந்துகொண்டிருந்த காலத்தில், மலையில் வேறொரு முறை நிலவியது. கல்வராயன் மலையின் இப்பகுதி சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்களின் ஆளுகையில் இருந்தது. இவற்றின் தோற்றத்தை விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயரோடு வாய்மொழி மரபு இணைக்கிறது. மலையாளிப் பழங்குடியினர் ஜாகிர்தாரர்க்கு வரி செலுத்தியதுடன், கூலியின்றி உழைக்கவும் கடமைப்பட்டிருந்தனர். இந்தியா விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1976-இல், ஜாகிர்கள் அரசின் நேரடி ஆளுகைக்கு வந்தன.

இதனால், சமவெளி உழவர் பெற்ற பட்டா உரிமையும் அதனைச் சார்ந்த பாசன உரிமையும் மலைமக்களுக்கு மிகத் தாமதமாகவே எட்டின. கோமுகி அணை 1960-களில் எழுந்தபோது, அதன் நீர்ப்பிடிப்பில் வாழ்ந்தோர் ஜாகிரின் குடிகளாகவே இருந்தனர். ஆயக்கட்டு கீழே வரையறுக்கப்பட்டது. நீர் பிறக்கும் சரிவுகள் எந்த ஆயக்கட்டிலும் சேரவில்லை. மலைமக்களின் வாழ்க்கை மேம்பாடு குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் தானாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பது, அவ்விடைவெளி இன்னும் நிரம்பவில்லை என்பதைப் புலப்படுத்துகிறது.

கூரையிலிருந்து மீண்டும் ஏரிக்கு

தமிழக அரசு 2003-இல் அவசரச் சட்டத்தின் வழி எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நாட்டிற்கே முன்மாதிரியாகப் பேசப்பட்ட நடவடிக்கை இது. இதனால் மழைநீர் சேகரிப்பு என்றாலே கூரையும் குழாயும் உறைகிணறும் நினைவுக்கு வரும் நிலை ஏற்பட்டது. ஊர்ப்புறத்திற்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். ஆண்டு மழை 1,000 மி.மீ. எனக் கொண்டால், 50 சதுர மீட்டர்க் கூரையில் விழும் நீர் 50,000 லிட்டர். பத்து எக்டேர் பரப்பும் சராசரி ஒரு மீட்டர் ஆழமும் உடைய சிற்றேரி ஒருமுறை நிரம்பினால் தேங்கும் நீர் 10 கோடி லிட்டர். அதாவது, 2,000 கூரைகளில் ஓராண்டு முழுவதும் விழும் மழை. கூரைநீர் வீட்டுக்குப் பயன்படும். ஊரின் நிலத்தடி நீரைத் தாங்குவது ஏரியே. கடினப்பாறை நிலமும் ஆழ்துளைக் கிணற்றுக் கரும்புச் சாகுபடியும் கொண்ட இப்பகுதிக்கு இது மிகவும் பொருந்தும்.

இவ்வுண்மையை உணர்ந்தே 2017-இல் குடிமராமத்துத் திட்டம் மீட்டெடுக்கப்பட்டது. முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. பாசனதாரர் பத்து விழுக்காட்டுப் பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்பது நெறி. பழைய பெயர் திரும்பியது. அதனுடன் பழைய வினாவும் திரும்பியது.

மண் எடுத்தோர் யார்?

பாசன அமைப்புகளை உழவர் மேலாண்மை செய்வதற்கான தமிழ்நாட்டுச் சட்டம் (2000), ஆயக்கட்டில் நிலமுடையோரையே நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் உறுப்பினராக்குகிறது. கி.பி. 921-இன் கால்வேலி நிபந்தனை வேறு வடிவில் தொடர்கிறது எனலாம்.

ஆனால், அண்மைக் காலத்தில் ஏரி, குளம், வரத்துக்கால் ஆகியவற்றில் மண் எடுத்தோர் வேறு. தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரியில் தொடங்கிய முதல் 200 மாவட்டங்களுள் அன்றைய விழுப்புரமும் ஒன்று. கள்ளக்குறிச்சி அப்போது அதன் பகுதி. தமிழகத்தில் இத்திட்டத்தில் உழைத்தோருள் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்களுள் நிலமற்றோர் பலர். நீர்நிலையை ஆழப்படுத்தியவர் அதன் மடையை எப்போது திறப்பது, மீன்பிடிக் குத்தகைப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பனவற்றில் வாக்கற்றவராக உள்ளார். மலைச்சரிவில் கல்வரப்பும் தடுப்பணையும் அமைப்பவரின் நிலையும் இதுவே. அவர் தடுத்து நிறுத்தும் மண், கீழுள்ள அணையைத் தூரிலிருந்து காக்கிறது. அப்பயனுக்கு எந்தக் கணக்கிலும் அவர் பெயர் இல்லை.

நிலமுடையோரே தீர்வை செலுத்துகின்றனர். எனவே பாசன முடிவு அவர்க்குரியது என வாதிடலாம். பாசனப் பங்கீட்டைப் பொறுத்தவரை இவ்வாதம் ஏற்கத்தக்கதே. ஆனால், குடிநீர்க் கிணற்றின் ஊற்று, கால்நடைக்கான நீர், மீன்வளம் ஆகியன ஊர் முழுமைக்கும் உரியவை. ஏரியை வயலுக்கு மட்டும் உரியதாகக் கொள்ளும்போதே நிலத்தகுதி இயல்பானதாகத் தோன்றுகிறது.

முடிவுரை

ஏரி வாரியம் முதல் இன்றைய சங்கம் வரை, நீராளுகை நிலத்தையும் பராமரிப்பு உழைப்பையும் சார்ந்து தனித்தனியே இயங்கி வந்துள்ளமை மேற்கண்ட சான்றுகளால் புலனாகிறது. 1858-இன் சட்டம் அப்பிரிவை வெளிப்படையாக்கியது. ஜாகிர் முறை அதன் கடுமையான வடிவமாக அமைந்தது. எனவே, மரபை மீட்டல் என்னும் பெயரில் உழைப்பை மட்டும் கோரும் திட்டம், மரபின் குறையையும் சேர்த்தே மீட்கும்.

இதற்கான மாற்றுவழி புதிதாகக் கண்டறியப்பட வேண்டியதன்று. வாக்காளர் அனைவரும் அமரும் கிராம சபை நிலத்தகுதி கேட்பதில்லை. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம் 2022 முதல் அதன் கூட்ட நாள்களுள் ஒன்றாகியுள்ளது. மலைப்பகுதியில், நீர்ப்பிடிப்பையும் நீராதாரங்களையும் காக்கும் அதிகாரத்தை வன உரிமைச் சட்டம் (2006) கிராம சபைக்கு வழங்கியுள்ளது. ஏரியின் பொது வருவாயும் பராமரிப்புத் திட்டமும் அவ்வவையின் முன் வைக்கப்படுதலும், மலைச்சரிவுப் பணிகள் கீழுள்ள ஆயக்கட்டின் பராமரிப்புக் கணக்கில் சேர்க்கப்படுதலும் முதற்படிகளாக அமையும். மண் எடுத்தவர் நீர் குறித்துப் பேசவும் உரிமை பெறும்போதே குடிமராமத்து என்னும் சொல்லில் உள்ள ‘குடி’ முழுப்பொருள் பெறும்.