எலிப் பல்லும் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வரலாறும்

பழவேற்காடு ஏரிக்கரை ஊரான சுண்ணாம்புக்குளத்துக்குத் தென்மேற்கே கொசஸ்தலை ஆற்றுப் பள்ளத்தாக்கு உள்ளது. அங்குள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவிகளைக் கண்டார். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அங்கு நடத்திய அகழாய்வு, கைக்கோடரிகளின் காலத்தை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னதாக வைத்தது (2011).

கருவிகள் ஏராளம், எலும்புகளோ மிக அரிது. மாடு அல்லது எருமை, குதிரை, நீலான் அல்லது ஆடு ஆகிய இனங்களைச் சேர்ந்த மூன்று பற்கள் கிடைத்தன. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மண்ணில் ஊறும் மழைநீர் எலும்பைக் கரைத்துவிடும். எனவே கருவி செய்த மனிதர் சுற்றிலும் கண்டது புல்வெளியா, புதர்க்காடா, சதுப்பா என்று சொல்வது கடினம்.

இக்கேள்விக்குப் பெரிய விலங்குகளைவிடச் சிறியவையே நல்ல சாட்சிகள். மாட்டு மந்தை நெடுந்தொலைவு மேயும். எலி பிறந்த இடத்துக்கு அருகிலேயே சாகும். வெள்ளெலி உலர்ந்த திறந்தவெளியை விரும்பும். பெருச்சாளி ஈர நிலத்தை நாடும். தவளை, மீன், ஆமை எலும்புகள் அருகில் நீர் இருந்ததைக் காட்டும். அரிசியைவிடச் சிறிய இப்பற்கள் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், தோண்டிய மண்ணை நுண்சல்லடையில் நீர்விட்டு அலசுவர். நர்மதைப் பள்ளத்தாக்கின் தேவகச்சார் படிவுகளில் ராஜீவ் பட்நாயக் இவ்வாறு சிறு பாலூட்டிகளைக் கொண்டு பழைய சூழலை ஆராய்ந்தார்.

ஓர் எச்சரிக்கை: குகைகளில் குவியும் எலி எலும்புகளில் பெரும்பகுதி ஆந்தை விழுங்கிக் கக்கியவை. நமக்குக் கிடைப்பது ஆந்தை பொறுக்கி எடுத்த பட்டியல்தான்.

எலும்பைத் தேடி ஃபுட் பிற்காலத்தில் கர்நூல் பகுதியின் பில்லசுர்கம் குகைகளுக்குச் சென்றார். 1884-85இல் அவரும் மகன் ஹென்றியும் அங்கே தோண்டினர். கிடைத்த எலும்புகளை ரிச்சர்ட் லிடெக்கர் 1886இல் விவரித்தார். சுண்ணாம்புக்கல் குகை என்பதால் வௌவால், எலி எலும்புகள்கூட அழியவில்லை. அதே குகைகளின் புதிய ஆய்வு 2014இல் வெளிவந்தது. அடையாளம் காணப்பட்ட 21 பாலூட்டி வகைகளில் 20 வகைகள் குறைந்தது ஒரு லட்சம் ஆண்டுகளாக இந்தியத் துணைக்கண்டத்தில் தொடர்ந்து வாழ்கின்றன என்றது அது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே காலத்தில் பெருவிலங்குகள் பல அற்றுப்போயின.

ஆனால் பில்லசுர்கம் அத்திரம்பாக்கத்திலிருந்து ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவில் உள்ளது, அதன் எலும்புகளும் கைக்கோடரிக் காலத்துக்கு மிகப் பிந்தியவை. கொசஸ்தலைக் கரைக்கு அவை சாட்சி சொல்ல முடியாது. அங்கே இன்னும் அந்த மூன்று பற்களையே நம்ப வேண்டியிருக்கிறது.